புரட்டாசி முடிந்தும் முடியாத விரதம்

“பசிச்சுத்தான் சாப்பிடுறாளா உங்க பொண்ணு?”

டாக்டர் அம்மா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் வரவில்லை. வேதியியலில் பட்டம் வாங்கியவள் நான். ஒரு கரண்டி சர்க்கரை உடம்புக்குள் போய் என்னவாகிறது என்று பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறேன். ஆனால் நான் பெற்ற பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கீழே போட்டுக்கொண்டே “என்னம்மா இருக்கு?” என்று கேட்கும்போது, அது பசியா, பழக்கமா, அன்றைக்கு வகுப்பில் யாரோ சொன்ன ஒரு சொல்லா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பசிக்கிறதா என்று கேட்டு யாரும் தட்டு வைத்ததில்லை. வேளை வந்தால் தட்டு வரும். மிச்சம் வைத்தால் சமைத்தவளுக்கு மனசு சங்கடப்படும். சமைத்தவள் நான்தான்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது, பால் பவுடர் டப்பாவில் ஒட்டியிருக்கும் குழந்தை மாதிரியே இருக்கிறாள் என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே கொண்டாடியது. கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் பெரிதாக மை வைத்து வைத்தே தூக்கிக்கொண்டு போவேன். அதே கன்னமும் அதே கையும் எப்போது கேலிக்குரியவையாக மாறின என்று யோசித்துப் பார்க்கிறேன். நாலாம் வகுப்புச் சீருடைக்கு அளவெடுத்த தையல்காரர், “போன வருஷத்துத் துணி பத்தாதுங்க” என்று சொன்னபோது கூட, வளர்கிற பெண்தானே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ரிக்‌ஷாக்காரர் நல்ல மனிதர். மழை வந்தால் தன் துண்டை எடுத்துப் பிள்ளைகள் தலையில் போடுவார். ஆனால் தினமும் காலையில் ஒரு வேடிக்கை அவருக்கு வேண்டியிருந்தது. “பாப்பா, நீ நடுவுல உக்காரு. ஓரத்துல உக்காந்தா வண்டி குடை சாஞ்சிடும்.” மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். என் மகளும் சேர்ந்து சிரிப்பாள். அதனால் அவளுக்கு வலிக்கவில்லை என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இனிமே நடந்து போறேம்மா” என்றாள். ஏன் என்றதற்கு, “சும்மாதான்” என்றாள். அப்போதைக்குச் சமாதானப்படுத்தி ரிக்‌ஷாவிலேயே ஏற்றிவிட்டு, அந்த வாரமே தென்னூரில் இருந்த குழந்தை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன்.

கழுத்தில் மெல்லிய சங்கிலியும் அதில் சின்னச் சிலுவையுமாக, அதிகம் பேசாத அம்மாள் அவர். மாத்திரை எழுதித் தருவார், ஒரு டானிக்கையாவது நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் முதலில் கேட்ட கேள்வியை மேலேயே சொல்லிவிட்டேன். அடுத்து அவர் சொன்னது இது.

“இவளுக்கு மட்டும்னு தனியா எதுவும் சொல்ல மாட்டேன். இவகூட உக்காந்து சாப்பிடுறவங்க யாரெல்லாமோ, அத்தனை பேரும் அடுத்த வாரம் வாங்க.”

என் கணவர் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி வந்தார். என் மாமனார் கோயிலுக்குப் போவதுபோல் நாமம் இட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததுமே, “எனக்கு என்னத்துக்குங்க ஊசி? நான் நல்லாத்தானே இருக்கேன்?” என்றார்.

“ஊசி இல்லைங்கய்யா. எடை மட்டும்தான் பாக்கப் போறேன். ஏறுங்க.”

ஒவ்வொருவராக ஏறினோம். என் கணவர் ஏறியதும் முள் போன தூரத்தைப் பார்த்து என் மகள் கைகொட்டிச் சிரித்துவிட்டாள். “அப்பாதான் ஃபர்ஸ்ட்!” அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

டாக்டர் எங்கள் எல்லோரையும் பார்த்துத்தான் பேசினார். ஒரே சமையல், எல்லோருக்கும். அவளுக்குக் குறைக்கிற நெய் அப்பாவுக்கும் குறைய வேண்டும். சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும். டி.வி. முன்னால் தட்டு கூடாது. சமர்த்தாக இருந்தால் மிட்டாய் என்று சொல்லக் கூடாது. “குண்டுன்னு யாரும் திட்டக் கூடாது. அதே மாதிரி, கம்மியா சாப்பிட்டான்னு பாராட்டவும் கூடாது. சாப்பாட்டுல மெடலும் வேண்டாம், அடியும் வேண்டாம்.” நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். திட்டக் கூடாது என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. பாராட்டக் கூடாது என்பதை அவ்வளவாக மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் நடந்தது என்னவோ நன்றாகவே நடந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பொங்கலைப் பார்த்துவிட்டு என் கணவர், “இதுல நெய் எங்கம்மா? மிளகு தனியா தெரியுது, நெய்யக் காணோமே” என்றார். “முன்னாடி பாத்த இடத்துல எல்லாம் நெய்யா இருந்துச்சு, அதான் எடுத்துட்டேன்” என்றேன். மகள் அப்பாவைப் பார்த்து, “எனக்கும் அதேதான்ப்பா. சாப்பிடுங்க” என்றாள். தனக்கு மட்டும் இல்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

சாயங்காலங்களில் காவிரிப் பாலத்தில் நடந்தோம். சில நாள் எனக்கு வேலை இருந்தால் மாமனாரும் பேத்தியும் மட்டும் போவார்கள். ஒருநாள் இருவரும் திரும்பி வந்து கதவருகே நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“எங்க மாமா போயிட்டு வர்றீங்க?”

“சும்மா பாலத்துல நின்னு காத்து வாங்கிட்டு வந்தோம்மா.”

“காத்துல வெங்காய பஜ்ஜி வாசனை எப்படி மாமா வந்துச்சு?”

“கிழக்கால அடிச்சுது காத்து” என்றார் கொஞ்சமும் அசராமல். மகள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எல்லோரும் சிரித்தோம். அந்த இரண்டு மூன்று மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு லேசாகிறது. எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பாலத்தின் பாதியிலேயே மூச்சு வாங்கியவள் மறுகரை வரை பேசிக்கொண்டே நடந்தாள். டாக்டர் அம்மா அது போதும் என்றார்.

வீட்டு வாசலைத் தாண்டினால்தான் எங்களுக்கு வழி தெரியவில்லை. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் கை நனைக்காமல் வர முடியாது. வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். டாக்டர் சொன்னார் என்று சொல்லலாம். சொன்னால், “அடடா, குழந்தைக்கு என்ன உடம்பு?” என்று ஆரம்பித்து, அவளை நிற்க வைத்து, முன்னும் பின்னும் பார்த்து, ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

அந்தப் புரட்டாசியில் உறையூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவர் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், வீடு நிறையச் சனம். நாத்தனாரின் சின்ன மாமியார், நல்ல கனத்த குரல் உள்ளவர், பந்தியில் அல்வாவோடு வந்தார். என் மகள் இலையில் ஒரு கை அள்ளி வைத்துவிட்டு, “ஏற்கெனவே பூசணிக்கா மாதிரிதான் இருக்கா. இன்னொரு துண்டு வச்சா என்ன கொறஞ்சிடப் போறா!” என்று இன்னொரு கை எடுத்தார். பந்தியே சிரித்தது. நான், “இல்லைங்க, டாக்டர் வந்து…” என்று ஆரம்பித்தேன். இலைக்கு அடியில் என் மகள் என் விரலைப் பிடித்து நெரித்தாள். அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் நாத்தனார் தண்ணீர்ச் செம்போடு வந்தார். ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். “சின்னத்தை, அவ இலையில வைக்காதீங்க. புரட்டாசி சனிக்கிழமை விரதம் இருக்கா புள்ள, இனிப்பெல்லாம் தொட மாட்டா.”

அந்த அம்மாளின் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு அல்வாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் மகளின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களை நெரித்துக்கொண்டார். “இந்த வயசுலயா! எங்க வீட்டுல எருமை எருமையா நாலு இருக்கு, ஒண்ணாவது ஒரு வேளை சும்மா இருக்குமா? பெருமாளே இறங்கி வந்த மாதிரி இருக்குடி தங்கம்!” கொஞ்சம் முன்னால் சிரித்தவர்கள் எல்லோரும் என் மகளை வேறு மாதிரிப் பார்த்தார்கள். அவள் முதுகு நிமிர்ந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது, “அத்தை நல்லா சொன்னாங்க இல்லம்மா?” என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? உண்மையிலேயே நன்றாகத்தான் சொன்னார்.

அன்று இரவு என் கணவரும், “இதுல என்ன தப்பு? டாக்டர் சொன்னதும் நடக்குது, பெரியவங்க மனசும் நோகல” என்றார். மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமைகளில் பெண்ணுக்கு நிஜமாகவே துளசித் தீர்த்தம் கொடுத்து, மத்தியானம் வரை பாலும் பழமுமாக வைத்துக்கொண்டார். நானும் தடுக்கவில்லை. பாதி ஊர் இருக்கும் விரதம்தானே?

புரட்டாசியோடு முடிந்துவிடும் என்றுதான் இருந்தேன். ஐப்பசியில் எதிர்வீட்டு அம்மாள் தீபாவளிப் பலகாரத்தோடு வந்தபோது, “உனக்கு இந்த மாசமும் விரதம் உண்டாடி?” என்று கேட்டார். என் மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “உண்டு மாமி” என்றாள். அந்த அம்மாள் தன் மருமகளைக் கூப்பிட்டு இவளைக் காட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அங்கே, அப்போது, “இல்லைங்க, முடிஞ்சுபோச்சு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லியிருந்தால் அந்த அம்மாள் முன்னால் இவள் பொய் சொன்னவளாக ஆகியிருப்பாளே? எத்தனையோ முறை இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன்.

கார்த்திகையில் சனிக்கிழமையோடு வியாழனும் சேர்ந்தது. வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அன்றைக்கும் விரதம். மாமனார் கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர்கள் வரை எல்லோரிடமும் பேத்தியின் பக்தியைச் சொல்லி வைத்திருந்தார். டாக்டர் அம்மாவிடம் போனபோது முள் எவ்வளவோ இறங்கியிருந்தது. நான் மகிழ்ந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மகிழவில்லை.

“இவ்வளவு வேகமா வேண்டாமே. என்ன பண்றீங்க வீட்டுல?”

நான் வாயைத் திறப்பதற்குள், “விரதம் டாக்டர்” என்றாள் மகள், பெருமையாக.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னார். “உடம்பைப் பத்தி நான் சொல்லலாம். சாமிக்குன்னு ஒரு குழந்தை இருக்கிறதை நான் நிறுத்தச் சொன்னா, அது வேற மாதிரி ஆகிடும்ங்க. உங்களுக்கே தெரியும். அம்மா நீங்கதான் சொல்லணும்.”

சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மார்கழி பிறந்துவிட்டது.

மார்கழியில் ஒருநாள் டிரில் வகுப்பில் மயங்கி விழுந்தாள். ஆள் அனுப்பியிருந்தார்கள். என் கணவர் ஸ்கூட்டரில் உட்கார வைத்து, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டே ஓட்டி வந்தார். நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். அன்று செவ்வாய்க்கிழமை; அதையும் விரத நாளாக்கியிருந்தாள். ரசம் சாதம் பிசைந்து எதிரில் உட்கார்ந்தேன்.

“ஒரு வாய் சாப்பிடும்மா. பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்.”

“விரதத்தைப் பாதியில விட்டா என்னம்மா ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது.”

“உனக்குத் தெரியாதும்மா.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இப்ப ரிக்‌ஷாக்காரர் என்னை ஒண்ணும் சொல்றதே இல்ல. மூணாவது பெஞ்சுப் பொண்ணுங்ககூட சொல்றதில்ல. பெருமாள்தான் அவங்க வாயைக் கட்டியிருக்கார். நான் விட்டுட்டா திரும்பவும் சொல்லுவாங்க.”

கையில் எடுத்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தேன். வெளியில் என் மாமனார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அடுத்த நாளே நாத்தனார் ஓடி வந்தார். “நான்தானே ஆரம்பிச்சேன், நானே சொல்லிடுறேன். அத்தை அன்னைக்கு உனக்காக ஒரு பொய் சொன்னேன்டின்னு சொல்லிடுறேன்” என்று அழுதார். “வேண்டாம் அண்ணி, கொஞ்சம் பொறுங்க” என்று நான்தான் தடுத்தேன். பொய் என்று தெரிந்தால், அன்று நிமிர்ந்த முதுகு என்ன ஆகும்? தன் உடம்பைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்ல நிஜமான பதில் ஒன்றும் இல்லாததால்தான் பெரியவர்கள் பெருமாளை இழுத்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடாதா? என் கணவர் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார். அவரும் தான் சொல்வதாகச் சொல்லவில்லை.

இப்படியே வைகுண்ட ஏகாதசி வந்தது. அன்று முழுப் பட்டினி, தண்ணீர்கூட இல்லை என்று மகள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். காலையிலிருந்து கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. கோயிலுக்குப் போய் வந்த மாமனார் கை கால் கழுவிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார்.

“சாதம் போடும்மா.”

எனக்குத் தவறாகக் காதில் விழுந்ததோ என்று நின்றேன். எனக்குத் தெரிந்து, அவர் எந்த ஏகாதசியிலும் அரிசிச் சோறு தொட்டதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட ரவைக் கஞ்சிதான்.

“மாமா, இன்னைக்கு ஏகாதசி. அதுவும்…”

“எனக்குத் தெரியாதா? போடு. தயிர் ஊத்து. பாப்பாவைக் கூப்பிடு.”

ஏகாதசியன்று சோறு வடிக்கும் வழக்கமே எங்கள் வீட்டில் இல்லை. அவசரமாக ஒரு ஆழாக்கு அரிசிக்கு உலை வைத்தேன். சோறு வெந்ததும் தட்டில் போட்டுத் தயிர் ஊற்றினேன். பேத்தி எதிரில் வந்து நின்றாள். அவர் தட்டில் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“பாத்தியா? ஒண்ணும் ஆகல. வானம் அங்கதான் இருக்கு. உக்காரு.”

அவள் பயந்துபோய் அவரையும் ஜன்னல் வழியே வானத்தையும் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். என் மாமனார் எதை விட்டுக்கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒரு வீடு என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகு அவள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். வியாழன், செவ்வாய் எல்லாம் போய்விட்டன. பாலத்தில் மறுபடியும் நடக்கிறோம். டாக்டர் அம்மாவும், “நிதானமாப் போகுது, இப்படியே விடுங்க” என்றார். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருக்கிறது. ரிக்‌ஷாவில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டால், தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறாள்.

போன மாதம் என் மாமனார் முழங்கால் வீங்கி, நாலு நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். வயசானால் வருவதுதான். தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக்கு என் பின்னாலேயே வந்தாள்.

“அம்மா, தாத்தா ஏகாதசியில சாப்பிட்டது என்னாலதானே?”

“அதுக்கும் கால் வலிக்கும் சம்பந்தம் இல்லடா.”

“நான் பெருமாள்கிட்ட சொல்லிட்டேன். இந்தப் புரட்டாசி பூரா நான் விரதம் இருக்கேன். தாத்தா கணக்கை எனக்கு மாத்திக்கச் சொல்லிட்டேன். தாத்தாகிட்ட சொல்லாத, பாவம், வருத்தப்படுவாங்க.”

முதல் விரதம் அத்தை அவசரத்துக்குச் சொன்னது. அதைக் கலைத்துவிடலாம் என்று ஒரு துணிவு எனக்குள் எப்போதும் இருந்தது. இது அப்படி இல்லை. இது அவளே எடுத்துக்கொண்டது, தன் தாத்தாவுக்காக. இதைப் பொய் என்று எந்த வாயால் சொல்வேன்? முதல் விரதமே இல்லாத விரதம், அதனால் உன் தாத்தா முறித்ததற்கும் நீ கடன்பட்டவள் இல்லை என்று விளக்கலாம். பத்து வயதுப் பெண்ணுக்கு அது எப்படிப் புரியும்? புரிந்தால், ஏகாதசியில் அவர் சாப்பிட்ட அந்தச் சோறு எங்கள் பொய்யை மூட என்றுதானே புரியும்? சொல்லாமல் விட்டால், புரட்டாசி முழுக்க ஒரு குழந்தை பட்டினி கிடப்பதை ஒரே சமையலறையில் நின்று பார்க்க வேண்டும். மாமனாரிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார். அவள் என்மேல் வைத்த நம்பிக்கையும் போகும்.

புரட்டாசிக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. பெண் பிள்ளைகளை வளர்த்தவர்கள், நோன்பு நோற்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள், இதைப் படிக்கும் யாராக இருந்தாலும் கேட்கிறேன். இவளிடம் நான் உண்மையைச் சொல்லலாமா? சொல்லலாம் என்றால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்ல வேண்டாம் என்றால், அந்த மாதம் அவள் எதிரில் தட்டை வைத்து நான் என்ன பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.